நின்றபடி ஓடும் பிக்கப் எஞ்சின்: ஓர் ஆயில் பரிசோதனைச் சேவையின் மதிப்புரை

பிக்கப் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு எஞ்சினை மட்டும் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விட்டால் அது கெடுமா என்று கேட்டால், மெக்கானிக்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். சுமையே இழுக்காமல் மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் தேய என்ன இருக்கிறது என்பது ஒரு கட்சி. சாலையில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய எஞ்சினைவிட, ஓரிடத்தில் நின்று உறுமிய எஞ்சின்தான் முதலில் பிரித்துப் போடப்படும் என்பது மறு கட்சி. எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் எந்தக் கட்சியையும் நம்புவதற்கில்லை. பிரித்துப் பார்ப்பதோ பெரிய செலவு. பிரிக்காமலே உள்ளே நடப்பதை ஓரளவு தெரிந்துகொள்ள இருக்கும் மலிவான வழி, பழைய எஞ்சின் ஆயிலை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பது. தபாலில் மாதிரி அனுப்பினால் அறிக்கை தரும் அப்படி ஒரு சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

எங்கள் வண்டி டர்போவும், புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் துகள் வடிகட்டியும் பொருத்தப்பட்ட ஒரு டபுள் கேப் டீசல் பிக்கப். இரவு நேரப் பழுதுபார்ப்புக்குச் செல்லும் குழுவின் வாகனம் அது. வேலை நடக்கும் இடத்தில் விளக்குகளுக்கும் கருவிகளின் பேட்டரிகளுக்கும் ஏசிக்குமாக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடோமீட்டர் சொல்லும் தூரத்துக்கும் எஞ்சின் உழைத்த நேரத்துக்கும் இதில் தொடர்பே இல்லை. பல ஆயில் மாற்றங்களுக்கு இந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்திய பிறகுதான் எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரே வகைச் சோதனைகளைத்தான் செய்கின்றன என்பதால், இங்கே சொல்வது வேறொரு சேவையைத் தேர்ந்தெடுப்பவருக்கும் உதவும்.

அறிக்கையைப் படிக்கும் முன், டீசல் எஞ்சினுக்குள் ஐடிலிங்கில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரும் எண்கள் வெறும் எண்களாகவே நின்றுவிடும். டீசல் எஞ்சின் ஒவ்வொரு உறிஞ்சலிலும் ஏறத்தாழ சிலிண்டர் நிறையக் காற்றை இழுத்துக்கொள்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே தெளிக்கப்படும் டீசலின் அளவு மட்டுமே. ஐடிலிங்கில் அந்த அளவு மிகச் சொற்பம். அவ்வளவு காற்றுக்கு இவ்வளவு குறைந்த எரிபொருள் எரியும்போது எரியறையின் வெப்பம் தாழ்ந்துவிடுகிறது. தெளித்த டீசலில் ஒரு சிறு பகுதி முழுமையாக எரியாமல் சிலிண்டர் சுவரில் படிகிறது. பிஸ்டன் ரிங்குகள் அதை வழித்துக் கீழே, ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலோடு சேர்த்துவிடுகின்றன. ரிங்குகளைச் சுவரோடு அழுத்திப் பிடித்து வைப்பதே சிலிண்டரில் எரிந்த வாயுவின் அழுத்தம்தான். அழுத்தம் குறைந்த ஐடிலிங்கில் அந்தப் பிடியும் தளர்வதால், கீழே இறங்கும் டீசலும் கரியும் இன்னும் கூடுகின்றன.

இது ஏதோ பட்டறைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. பிக்கப்களிலும் பொருத்தப்படும் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனம், 10 நிமிடங்களுக்கு மேற்பட்ட ஐடிலிங் எஞ்சினைப் பாதிக்கக்கூடும் என்று தன் இயக்கக் கையேடுகளிலேயே எச்சரிக்கிறது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் துளைகளைச் சுற்றியும் பிஸ்டன் ரிங்குகளிலும் கரி படியும், வால்வுகள் ஒட்டிக்கொள்ளக்கூடும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட்டின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவி, சம்ப்பில் இருக்கும் ஆயிலையும் நீர்க்கச் செய்துவிடும் என்பவை அந்த எச்சரிக்கை தரும் காரணங்கள். எஞ்சினைச் செய்தவர்களே இப்படி எழுதும்போது முதல் கட்சியின் வாதம் பாதி விழுந்துவிடுகிறது. ஆனால் பாதிதான் விழுகிறது. மீதிப் பாதியில் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு என்பதை எங்கள் அறிக்கைகள் காட்டின.

சேவையின் நடைமுறை எளிது. சுமார் 100 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் புட்டி, கசிவு தடுக்கும் உறை, நிரப்ப வேண்டிய ஒரு படிவம், திருப்பி அனுப்ப ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை வருகின்றன. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக ஆயிலை உறிஞ்ச ஒரு சிறு கைப்பம்பைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஆயில் மாற்றும்போதே மாதிரி எடுப்பவருக்குப் பம்பு தேவையில்லை. ஆனால் எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். முதலில் வரும் ஆயிலையும் கடைசியில் சொட்டுவதையும் விட்டுவிட்டு நடுவில் ஓடுவதைப் பிடிக்க வேண்டும். சம்ப்பின் அடியில் தங்கிய கசடு புட்டிக்குள் போனால் அறிக்கை முழுவதும் கோணலாகிவிடும். இந்த வழிமுறையைச் சேவையின் கையேடு படங்களோடு தெளிவாக விளக்குகிறது, அதற்குப் பாராட்டு. புட்டியின் மூடியும் நல்ல தரம், தபாலில் ஒருமுறைகூடக் கசிந்ததில்லை.

அறிக்கையின் முதல் பகுதி உலோகங்கள். ஆயிலை மிக உயர்ந்த வெப்பமுள்ள பிளாஸ்மாவுக்குள் செலுத்தி, ஒவ்வொரு தனிமமும் உமிழும் ஒளியை அளந்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள். சோதனைத் தர முறைகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி5185 என்பது இதற்கான தர முறை. இரும்பு கூடினால் சிலிண்டர் சுவர், கேம் ஷாஃப்ட், கியர்கள் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அலுமினியம் பிஸ்டனையும், குரோமியம் ரிங்கையும், ஈயமும் செம்பும் பேரிங்கையும் சுட்டும். சிலிக்கான் ஏறினால் காற்று வடிகட்டியைத் தாண்டித் தூசி நுழைகிறது என்று பொருள். புதிய எஞ்சினாக இருந்தால் அது சீலண்ட்டிலிருந்தும் வந்திருக்கலாம். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து உயர்வது கூலண்ட் கசிவின் அடையாளம்.

எங்கள் முதல் அறிக்கையில் இரும்புக்கு நேராகச் சிவப்புக் குறி இருந்தது. ‘இந்தத் தூரத்துக்கு இரும்பு மிக அதிகம், சிலிண்டர் தேய்மானத்தைக் கவனிக்கவும்’ என்ற தொனியில் ஒரு குறிப்பும் இருந்தது. ஐடிலிங் எஞ்சினைத் தின்றுவிட்டது என்று தீர்ப்பு எழுத அதுவே போதும். குழுவில் இருந்த இரண்டாம் கட்சிக்காரர்கள் எழுதியும் விட்டார்கள். ஆனால் அந்தக் குறிப்பு எதை வைத்து எழுதப்பட்டது என்று பார்த்தால், படிவத்தில் நாங்கள் நிரப்பிய கிலோமீட்டரை வைத்து. படிவம் கேட்டதே அது ஒன்றைத்தான். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுத அதில் இடமே இல்லை. ஐடிலிங் பற்றிய கேள்வியின் உயிர்நாடியே அந்த விடுபட்ட கட்டத்தில்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 700 சுற்று என்ற ஐடிலிங் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு எஞ்சின் 42,000 முறை சுற்றுகிறது. அதே எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை இழுத்துச் செல்கிறது என்று கொண்டால், அதே 42,000 சுற்றுகளில் வண்டி 21 கிலோமீட்டர் போயிருக்கும். ஓடோமீட்டரோ அந்த ஒரு மணி நேரத்துக்குப் பூஜ்ஜியம் என்று காட்டுகிறது. அந்தப் பூஜ்ஜியத்தை நம்பி ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடுவதும், அதே பூஜ்ஜியத்தால் வகுத்து இரும்பு அதிகம் என்று அலறுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். எஞ்சின் இயங்கிய மணியால் வகுத்துப் பார்த்தபோது எங்கள் இரும்பின் அளவு, அதே வகை எஞ்சின்களுக்கு ஆய்வகம் தந்த சராசரியிலிருந்து பெரிதாக விலகவில்லை. அலுமினியமும் ஈயமும் முதலிலிருந்தே அமைதியாகத்தான் இருந்தன.

முதல் கட்சி சொன்னதில் இருந்த பாதி நியாயம் இதுதான். ஐடிலிங்கில் ஆயில் அழுத்தம் குறைவாக இருப்பது உண்மை. ஆயில் பம்பு எஞ்சினின் வேகத்திலேயே சுற்றுவதால் அது இயல்பு. ஆனால் பேரிங் மேல் விழும் சுமையும் அதே அளவுக்குக் குறைந்திருப்பதால், நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து நிற்கும் ஆயில் படலத்துக்கு ஆபத்து வருவதில்லை. வெப்பநிலைக்கு வந்துவிட்ட எஞ்சின் ஐடிலிங்கில் உலோகமாகத் தேய்ந்து சாவதில்லை என்று இப்போது என்னால் ஓரளவு துணிந்து சொல்ல முடியும்.

ஃபோர்டு நிறுவனம் தன் சூப்பர் டியூட்டி டீசல் பிக்கப்களுக்கு, ஒரு மணி நேர ஐடிலிங்கை ஏறத்தாழ 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகக் கொள்ளச் சொல்கிறது. மணிக்கணக்கில் நின்றபடி ஓடும் காவல்துறை வாகனங்களுக்கு அதே நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு 33 மைல். சூப்பர் டியூட்டியின் கருவிப் பலகையில் எஞ்சின் ஓடிய மொத்த மணியையும் அதில் ஐடிலிங் மணியையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள முடியும். சுற்றுகளை மட்டும் எண்ணினால் எனக்குக் கிடைத்தது 21 கிலோமீட்டர். தயாரிப்பாளர் வைத்துக்கொள்ளச் சொல்வது அதன் இருமடங்கை ஒட்டி வருகிறது. வண்டிக்கு வண்டி கியரும் வேகமும் மாறும் என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் ஐடிலிங்கின் தீங்காக எழுதிவிட முடியாது. ஆனாலும், சுற்றுகளின் எண்ணிக்கைக்கு மேலாகவும் ஐடிலிங்கில் ஏதோ ஒன்று ஆயிலைக் கெடுக்கிறது என்பதற்கு அறிக்கையின் இரண்டாம் பகுதி சாட்சி சொன்னது.

இரண்டாம் பகுதி, ஆயிலின் நிலை. 5டபிள்யூ-30 என்று டப்பாவில் அச்சிட்ட ஆயில், வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே300 தரத்தின்படி 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலான பாகுநிலையில், அதாவது கெட்டித்தன்மையில், இருக்க வேண்டும். எங்கள் மாதிரி அந்தக் கீழ் எல்லைக்கும் கீழே போயிருந்தது. ஆயில் மெலிந்ததற்கு டீசல் கலப்பே காரணம் என்று ஆய்வகம் குறித்திருந்தது. அந்தக் குறிப்பு சரி. உலோகத்தின் அளவு ஒவ்வொரு தவணைக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் கூட்டுத்தொகை என்பதால் அதை மணியால் வகுத்தால் நியாயம் கிடைக்கிறது. ஆயிலில் டீசல் நூற்றுக்கு இத்தனை பங்கு கலந்திருக்கிறது என்பதை எதனால் வகுத்தாலும் அது குறைந்துவிடாது. அந்த மெலிந்த ஆயிலோடுதான் வண்டி மறுநாள் சுமையேற்றிக்கொண்டு மேடு ஏறப் போகிறது. ஐடிலிங்கின் உண்மையான தீங்கு ஐடிலிங் நேரத்தில் நிகழ்வதில்லை. அதன் பிறகு வரும் கடும் உழைப்பின்போது, நீர்த்துப்போன ஆயிலை நம்பிச் சுற்றும் பேரிங்குகளில் நிகழ்கிறது. நான் பார்த்த எந்த விற்பனைக் கையேடும் இதை இந்த வரிசையில் விளக்கியதில்லை.

டீசல் ஆயிலுக்குள் போக இரண்டு வழிகள் இருக்கின்றன, அறிக்கையை அணுக இரண்டையும் பிரித்தறிய வேண்டும். மேலே சொன்ன அரைகுறை எரிப்பு முதல் வழி. துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட வண்டிகளில் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. அது முதலாவதைவிட மோசமானது என்றே நினைக்கிறேன். ஐடிலிங்கில் புகைக் குழாயின் வெப்பம் மிகக் குறைவாக இருப்பதால், வடிகட்டியில் சேரும் கரி தானாக எரிந்து தீர்வதில்லை. கரி ஓரளவு நிறைந்ததும் கணினி அதை எரிக்க முடிவெடுக்கிறது. அதற்கு வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். பல எஞ்சின்களில், பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது தாமதமாக ஒரு கூடுதல் டீசல் தெளிப்பைக் கொடுத்து, அந்த டீசலைப் புகைக் குழாய்க்கு அனுப்பியே இதைச் சாதிக்கிறார்கள். அப்போது சிலிண்டரில் அழுத்தமும் வெப்பமும் இறங்கியிருப்பதால், தெளித்ததில் ஒரு பங்கு நேராகச் சுவரில் போய் ஒட்டுகிறது. அதிகம் ஐடிலிங் செய்யும் வண்டி அதிகக் கரியைச் சேர்க்கிறது. அதனால் அடிக்கடி இந்தச் சுத்திகரிப்பைத் தொடங்குகிறது. வேலை முடிந்ததென்று யாரோ சாவியைத் திருகி அதை நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த முறை அது முதலிலிருந்து தொடங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயிலின் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனால், எஞ்சின் ஆயிலைக் குடிக்கவில்லை என்று மகிழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை. சம்ப்பில் டீசல் சேர்கிறது.

‘ஒரு நல்ல நீண்ட ஓட்டம் ஓட்டினால் எல்லாம் ஆவியாகிப் போய்விடும்’ என்ற பரிகாரத்தையும் இந்த அறிக்கைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தோம். நீருக்கு அது பொருந்தும். பெட்ரோலுக்கும் பெருமளவு பொருந்தும். பெட்ரோலின் பெரும்பகுதி 200 டிகிரி செல்சியஸுக்குள் கொதித்துவிடும், அதில் இலகுவான கூறுகள் அதற்கும் வெகு கீழேயே ஆவியாகிவிடும். டீசலோ ஏறத்தாழ 180 முதல் 360 டிகிரி வரை கொதிக்கும் பொருள். 100 டிகிரியை ஒட்டி நிற்கும் சம்ப்பிலிருந்து அது எளிதில் கிளம்பிவிடாது. பயோடீசல் கலந்திருந்தால் அந்தப் பங்கு இன்னும் பிடிவாதமாகத் தங்கிவிடும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் எடுத்த மாதிரியில் நீரின் அடையாளம் மறைந்திருந்தது. டீசல் கலப்போ சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. டீசல் வண்டிக்கு ஆயிலை மாற்றுவதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது.

இவ்வளவு முக்கியமான அந்த எண்ணை இந்தச் சேவை அளக்கும் விதம்தான் என் பெரிய குறை. அடிப்படைக் கட்டணத்தில் அவர்கள் டீசல் கலப்பை நேரடியாக அளப்பதில்லை. ஆயிலைச் சூடாக்கி, அதன் ஆவி எந்த வெப்பநிலையில் தீப்பற்றுகிறது என்று பார்த்து, அதிலிருந்து கலப்பை மதிப்பிடுகிறார்கள். நல்ல எஞ்சின் ஆயிலின் ஆவி 200 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் பற்றும். டீசலின் ஆவி 55 டிகிரியை ஒட்டியே பற்றக்கூடியது என்பதால், சிறிது டீசல் கலந்தாலும் எண் சரியும் என்பது இதன் தருக்கம். பெரிய கலப்பைக் கண்டுபிடிக்க இது போதும். ஆனால் சுவரில் படிந்து கீழே வரும் டீசல் பெரும்பாலும் அதன் கனமான, எளிதில் ஆவியாகாத கூறுகளாகவே தங்குவதால், மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாக வந்துவிட வாய்ப்பு உண்டு. டீசல் கலப்பை, கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை முறையில் நேரடியாக அளக்க ஏஎஸ்டிஎம் டி3524 என்ற தர முறையே இருக்கிறது. இந்த ஆய்வகமும் கூடுதல் கட்டணத்துக்கு அதைச் செய்து தருகிறது. எங்கள் மாதிரி ஒன்றை இரண்டு முறையிலும் கேட்டு வாங்கினோம். நேரடி அளவு, மதிப்பீட்டைவிடத் தெளிவாகவே அதிகமாக வந்தது. ஐடிலிங் வண்டி வைத்திருப்பவர் இந்தச் சேவையை வாங்கினால், மற்றக் கூடுதல் சோதனைகளை எல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் சேர்த்து வாங்குவது நல்லது.

பாகுநிலையை மட்டும் பார்த்து ஏமாறவும் இடமுண்டு. டீசல் ஆயிலை மெலிய வைக்கிறது, கரி அதைக் கெட்டியாக்குகிறது. ஐடிலிங் இரண்டையுமே கூட்டுவதால், இரண்டும் சேர்ந்து எண்ணைச் சரியான இடத்திலேயே நிறுத்தி வைத்துவிடலாம். எங்களுக்கு ஒருமுறை வந்த ‘பாகுநிலை இயல்பு’ என்ற பச்சைக் குறிக்குப் பின்னால் இருந்தது இதுதான். கரியின் அளவையும் சேர்த்துப் படித்தபோது விளங்கியது. குறிப்பு எழுதிய பகுப்பாய்வாளர் அதைக் கவனிக்கவில்லை. பொதுவாக அவர்களுடைய குறிப்புகள் தெளிவானவை, பயமுறுத்தாதவை. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகக் கருத்துச் சொல்கிறார்கள், எண்களைச் சேர்த்துப் படிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். தொலைபேசியில் கேட்டபோது பொறுமையாகப் பேசி, திருத்திய அறிக்கையை அனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆயிலால் சொல்ல முடியாதவற்றைச் சேவையின் குறையாக எழுதுவது நியாயமில்லை. ஆனால் வாங்குபவருக்கு அவை தெரிந்திருக்க வேண்டும். உலோகங்களை அளக்கும் பிளாஸ்மா முறைக்குச் சில மைக்ரான் அளவுக்குள் இருக்கும் நுண்துகள்கள் மட்டுமே சரியாகத் தெரியும். அதைவிடப் பெரிய சிம்புகள் கண்ணில் படாமலே தப்பிவிடும். பேரிங் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தால் அறிக்கையைவிட ஆயில் வடிகட்டியை அறுத்துப் பார்ப்பதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்விலும் உள்ளிழுப்புக் குழாயிலும் படியும் கரி ஆயிலில் வராது. துகள் வடிகட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதும் வராது; அதற்கு வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவிதான் வேண்டும். டர்போவின் இரு முனைகளிலும் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்கள், காற்றழுத்தமும் புகையழுத்தமும் வெளியிலிருந்து தாங்கிப் பிடிப்பதை நம்பி வடிவமைக்கப்பட்டவை. ஐடிலிங்கில் அந்த அழுத்தம் போதாமல், நல்ல டர்போவிலிருந்தே ஆயில் சிறிது கசிந்து வரக்கூடும். அதைப் பார்த்து டர்போ போய்விட்டது என்று மாற்றச் சொல்பவர்களும் உண்டு. அறிக்கை இந்தச் சச்சரவில் சாட்சிக்கு வராது.

சிலிண்டர் சுவர் பளபளப்பாகிப் போவதும் இந்த வகையில்தான் சேரும். சுவரில் ஆயிலைப் பிடித்து வைப்பதற்காகவே செதுக்கப்பட்ட நுண்கோடுகள் இருக்கும். குறைந்த சுமையில் நெடுங்காலம் ஓடும் எஞ்சினில், எரிந்த ஆயிலும் டீசலும் அந்தக் கோடுகளில் அரக்குபோலப் படிந்து மூடிவிடும். பிறகு எஞ்சின் ஆயில் குடிக்கும், எஞ்சினின் காற்றோட்டக் குழாயான பிரீதரில் புகை கூடும், ஆனால் உலோகம் தேயாததால் அறிக்கையில் இரும்பு உயராது. உலோக எண்கள் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்துகொண்டே போகிறதென்றால், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்குப் போவதே முறை. இன்னொன்று, இடையில் ஊற்றிய ஆயிலின் அளவைப் படிவத்தில் மறக்காமல் எழுத வேண்டும். புதிய ஆயில் ஊற்ற ஊற்ற உலோக எண்கள் நீர்த்து அழகாகிவிடும்.

அறிக்கைகளின் விளைவாக நாங்கள் மாற்றிக்கொண்டவை அதிகமில்லை. ஆயில் மாற்றுவதை எஞ்சின் மணிக்கணக்குக்கு மாற்றினோம். வண்டியில் அந்த வசதி இல்லாததால் ஒரு சிறிய மணி மீட்டரைப் பொருத்தினோம். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் ‘கடுமையான பயன்பாடு’ என்றொரு பகுதி இருக்கும். நீண்ட ஐடிலிங்கையும் பல தயாரிப்பாளர்கள் அதில்தான் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குறுகிய தவணை எங்களுக்கு உரியது என்பதை ஒப்புக்கொண்டோம். எஞ்சினை ஓடவிட்டே தீர வேண்டிய நேரங்களில் ஐடிலிங் வேகத்தை 1,000 சுற்றுக்கு மேல் உயர்த்தி வைக்கிறோம். பணி வாகனங்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. வேகம் உயரும்போது எரியறை சூடாகிறது, ஆயில் அழுத்தம் ஏறுகிறது, ஆல்டர்னேட்டரும் விளக்குகளுக்குப் போதிய மின்சாரம் தருகிறது. வடிகட்டிச் சுத்திகரிப்பு தொடங்கிவிட்டால் அது முடியும்வரை வண்டியை ஓட்டிவிட்டு வருகிறோம். அடுத்தடுத்த அறிக்கைகளில் பாகுநிலை எல்லைக்குள் திரும்பியது. டீசல் கலப்பு முழுவதும் போகவில்லை, ஆனால் அபாயக் குறியிலிருந்து இறங்கியது. உலோகங்களில் எந்த மாற்றமும் இல்லை, மாற வேண்டிய தேவையும் அங்கே இருக்கவில்லை.

பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவருக்கு இந்தச் சேவை இவ்வளவு பயன் தராது என்பது என் கணிப்பு. கலந்த பெட்ரோலைச் சூடான ஓட்டம் பெருமளவு வெளியேற்றிவிடும். துகள் வடிகட்டிச் சுத்திகரிப்பின் தாமதத் தெளிப்பு என்ற தொல்லையும் அங்கே பொதுவாக இல்லை. நீண்ட ஐடிலிங்கில் ஸ்பார்க் பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் வெப்பத்தை எட்டாமல் போவதும், நேரடித் தெளிப்பு எஞ்சின்களில் உள்ளிழுப்பு வால்வின் முதுகில் படிவு சேர்வதும் அங்கே கவலைக்குரியவை. இரண்டும் ஆயில் புட்டிக்குள் தெரிவதில்லை.

வண்டியைப் பெரும்பாலும் சாலையில் ஓட்டிவிட்டு, சிக்னலிலும் கடை வாசலிலும் மட்டும் எஞ்சினை ஓடவிடுபவர் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பணி வாகனமாக இருந்த பழைய பிக்கப்பை வாங்கப் போகிறவர் கட்டாயம் ஒருமுறை செய்துபார்க்கலாம். குறைந்த கிலோமீட்டர் என்று விளம்பரப்படுத்தப்படும் அத்தகைய வண்டிகளில் எஞ்சின் மணிக்கணக்கு வேறு கதை சொல்லக்கூடும். வாங்கும் முன் எடுத்த ஒரே ஒரு மாதிரி, அந்த வண்டிக்குக் கடைசியாக எப்போது ஆயில் மாற்றப்பட்டது என்று தெரியாத பட்சத்தில், அரைச் சாட்சியம்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்களைப் போல இரவெல்லாம் நின்றபடி எஞ்சினை ஓட்டுபவர்களுக்கு, நேரடி டீசல் கலப்புச் சோதனையோடு சேர்த்து வாங்கினால், இந்தச் சேவை கொடுத்த பணத்துக்குத் தகும். படிவத்தின் ‘குறிப்புகள்’ பகுதியில் எஞ்சின் மணியையும் ஐடிலிங் மணியையும் நீங்களாகவே எழுதி அனுப்புங்கள். எழுதிக் கொடுத்த பிறகு எங்களுக்கு இரும்புக்குச் சிவப்புக் குறி வருவது நின்றுவிட்டது. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் சேர்க்கும்படி ஆய்வகத்திடம் கேட்டிருக்கிறோம். இதை எழுதும்வரை சேர்க்கவில்லை.